மோஸ்டார்: ஒரு ஊருக்கு எதற்கு இரண்டு தீயணைப்புப் படை?

மழைக்காகம்:
போஸ்னியாவில் மோஸ்டார் என்று ஒரு ஊர், ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம்தான். அதற்கு இரண்டு தீயணைப்புப் படை, குப்பை அள்ள இரண்டு நிறுவனம், இரண்டு பேருந்து நிலையம். ஒன்று கத்தோலிக்கக் குரோவேஷியர் பக்கம், இன்னொன்று முஸ்லிம் போஸ்னியாக்குகள் பக்கம். போர் 1995-லேயே முடிந்துவிட்டது. இன்னும் ஏன் இப்படி? நடுவில் ஆறு ஓடுவதால் என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. வெறும் மதவெறிதானா?

திண்ணைவாசி:
ஆறு காரணம் இல்லை. 1993 நவம்பரில் குண்டு வீசி உடைத்த பழைய பாலத்தை 2004-ல் திரும்பக் கட்டினார்கள், எல்லோரும் அதையே படம் எடுப்பதால் அதன் கீழே ஓடும் நெரெத்வா ஆறுதான் எல்லை என்று நினைப்பு. உண்மையான போர்முனை அதற்கு மேற்கே, புலெவார் என்ற சாலை.

அப்புறம், மதவெறி என்று சொன்னால் பாதிதான் சரி. இரண்டு நிறுவனம் என்றால் இரண்டு மேலாளர் பதவி, இரண்டு நிர்வாகக் குழு, கட்சிக்காரனுக்குக் கொடுக்க இரட்டிப்பு வேலை. சேர்த்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும், யார் ஒத்துக்கொள்வார்? 2008-க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை அங்கே நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. தேர்தல் விதியில் ஒரு பகுதி செல்லாது என்று 2010-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது, மாற்று விதிக்குப் பெரிய கட்சிகள் இரண்டும் உடன்படவே இல்லை. கடைசியில் அந்த ஊர்ப் பெண் ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2019-ல் ஜெயித்த பிறகுதான் ஓட்டுப் பெட்டி வந்தது.

ஒற்றைச்செருப்பு:
தீயணைப்பு வண்டியை விடுங்க, பள்ளிக்கூடத்தைப் பாருங்க. "ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பள்ளி" என்றே அதற்குப் பெயர். ஒரே கட்டடம், இரண்டு தலைமையாசிரியர், இரண்டு பாடத்திட்டம், சில இடத்தில் வாசலும் தனித்தனி. அகதிகளாகப் போய்த் திரும்பிய பிள்ளைகளுக்குத் தற்காலிக ஏற்பாடு என்று ஆரம்பித்தது. 2018 கணக்கில் 28 இடங்களில் 56 பள்ளி! மொழி வேறு என்று காரணம் சொல்வார்கள். அங்கே சிகரெட் பெட்டியில் "புகைத்தல் கொல்லும்" என்ற எச்சரிக்கை போஸ்னியம், குரோவேஷியம், செர்பியம் என்று மூன்று மொழியில் இருக்கும். முதல் இரண்டு வரியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே, மூன்றாவது அதே வார்த்தைகள் சிரிலிக் எழுத்தில், அதாவது ரஷ்ய மொழிக்குப் பயன்படும் எழுத்து வகையில். இதற்குத்தான் தனி வகுப்பறையா?

கரிசல்:
சிரிப்பாக இருக்கலாம் நண்பரே, ஆனால் போஸ்னியாக், செர்பியர், குரோவேஷியர் என்று அந்த நாட்டின் மூன்று இனங்களில் குரோவேஷியர்தான் குறைவு, 15 சதவீதம் சொச்சம். பொதுப் பள்ளி என்று ஆரம்பித்து அது பெரும்பான்மையின் பள்ளியாகிவிடும் என்ற பயத்தை வெறி என்று தள்ளிவிட முடியாது. சொந்த மொழிப் பாடம் கேட்பது வேறு, கணக்குப் பாடத்துக்கும் தனி அறை கேட்பது வேறு.

மழைக்காகம்:
சரி, பிள்ளைகளே என்ன சொல்கிறார்கள்?

திண்ணைவாசி:
யாய்ட்சே ஊரில் போஸ்னியாக் மாணவர்களுக்குத் தனிப் பள்ளி என்று அரசு திட்டம் போட்டபோது இரண்டு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். 2017-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

கரிசல்:
ஆமாம், ஆனால் அங்கே சேர்ந்து படித்தது குரோவேஷியப் பாடத்திட்டத்தில். அதையும் யாராவது பேசணும்.