அண்டார்டிக் செதில்புழுக்களை இனம் பிரித்த அனுபவம்

அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டிய கடலில் இழுவலை போட்டு எடுத்த புழுக்களை ஆய்வகத்தில் இனம் பிரிக்கும் வேலை எனக்கு அமைந்தது. அதில் எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் ஒன்று: புழுவைப் புட்டியில் போடுவதற்கு முன்பே அது எதன்மேல் ஒட்டியிருந்தது என்று எழுதிவைத்துவிட வேண்டும். அந்தத் தகவலைப் பிறகு எந்த நுண்ணோக்கியாலும் மீட்க முடியாது.

நிறத்தை நம்பவே கூடாது. பார்போர்லேசியா கொருகேட்டஸ் என்ற நாடாப்புழு வெளிர்மஞ்சளிலும் வரும், கரும்பழுப்பிலும் வரும். இரண்டு மீட்டர் வரை நீளக்கூடியது. ஆனால் உடலில் கண்டங்களும் (வளையம் வளையமான உடல்பகுதிகளும்) இல்லை, கால்களும் இல்லை, மேலெல்லாம் அமிலத்தன்மையுள்ள சளி. அதனால் தட்டில் பார்த்ததுமே தனியே ஒதுக்கிவிடலாம்.

நேரம் பிடிப்பவை செதில்புழுக்கள்தான். வலையில் அடிபட்டதுமே முதுகுச் செதில்களை உதிர்த்துவிடும். நல்லவேளையாக, செதில் ஒட்டியிருந்த மேடுகள் உடலிலேயே தங்கிவிடுகின்றன. பதினைந்து ஜோடிச் செதில் உள்ள பேரினங்களில் அவை 2, 4, 5, 7 ஆகிய கண்டங்களிலும், அப்புறம் ஒன்று விட்டு ஒன்றாக 23 வரையிலும், பிறகு 26, 29, 32 ஆகியவற்றிலும் இருக்கும். செதில் ஒன்றுகூட மிஞ்சாத புழுவிலும் இதை எண்ணிவிடலாம். அடுத்து காலிலிருந்து சில நுண்முட்களைப் பிடுங்கிக் கண்ணாடித்தகட்டில் வைத்து, நுனி ஒற்றையா, இரண்டாகப் பிளந்ததா என்று பார்க்க வேண்டும். கண்வலி வேலைதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

இணையத்தில் பயமுறுத்தும் பற்களோடு சுற்றும் யூலாகிஸ்கா ஜைஜான்டியா என்ற செதில்புழுவின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1939இல் மன்ரோ விவரித்த இனம் அது. படத்தில் தலை போலத் தெரிவது தலையே அல்ல, வெளியே பிதுங்கிய தொண்டைக்குழாய். உள்ளிழுத்த நிலையில் அதே புழு வேறு விலங்கு போல இருக்கும். அதனால் தொண்டை வெளியே இருக்கிறதா என்பதை வைத்து இனம் பிரிக்கக் கூடாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பாலியூனோவா லேவிஸ் என்ற செதில்புழு. சேலஞ்சர் என்ற ஆய்வுக்கப்பல் 1872 முதல் 1876 வரை சென்ற பயணத்தில் கிடைத்த புழுக்களை ஆராய்ந்த மெக்கின்டாஷ் 1885இல் வைத்த பெயர் இது. பெரும்பாலும் தவுரெல்லா என்ற பவளத்தில், புட்டி கழுவும் பிரஷ் போன்ற அதன் கிளைகளுக்குள் வாழும். டிஎன்ஏவைப் பார்த்தபோது இந்த ஒரே பெயருக்குள் பல தனித்த மரபுவழிகள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. உருவத்தில் அவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது, எந்தப் பவளத்தில் இருந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதெல்லாம் பெரிய துப்பு. என் கைக்கு வந்த பல புட்டிகளில் பவளத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிலவற்றை ஃபார்மலினில் வேறு போட்டிருந்தார்கள், டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. ஒரு காலையாவது வெட்டி எத்தனாலில் போட்டிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

தென்பெருங்கடல் மாதிரிகளோடு வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: புழுவைப் பவளத்தோடு சேர்த்தே படமெடுத்து, இரண்டுக்கும் ஒரே எண் போடும் வழக்கம் உங்கள் கப்பலில் இருந்ததா?