புதுப்பிப்பு: மறைந்துபோன கணக்கு கிடைத்துவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, தோட்டத்துச் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலைக் கணக்கு தட்டிக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்ததெல்லாம் மாயமாகிறது என்று. கோளாறு கணினியில் இல்லை, என் விரலில்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடையில் புதுசு வாங்கச் சொன்னார்கள், நான் பழைய மடிக்கணினியிலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். அதன் சின்னமன் என்ற முகப்புத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்தபடி வலது அம்பைத் தட்டினால் அடுத்த பணியிடத்துக்கு, அதாவது ஜன்னல்களைத் தனியாக வைத்துக்கொள்ளும் இன்னொரு திரைக்கு, தாவிவிடுமாம், எனக்கு எப்படித் தெரியும்? அதேபோல் இடது அம்பைத் தட்டினேன், 'குலை 214' என்று பாதியில் விட்ட வரி அப்படியே இருக்கிறது, கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு.

அப்புறம் அதே இரண்டு விசையோடு மேல் அம்பைத் தட்டச் சொன்ன நண்பருக்கு நன்றி. நாலு பணியிடமும் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு சின்னதாகத் தெரிகின்றன. முதலாவதில் தோட்டக் கணக்கு, அடுத்ததில் கோயில் ரசீது, மூன்றாவதை மகள் பிடித்துக்கொண்டாள். இடது, வலது அம்பைத் தட்டும்போது ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னலே பக்கத்துப் பணியிடத்துக்கு நகர்கிறது, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வீட்டுக்காரி மட்டும் இன்னும் தொடமாட்டேன் என்கிறாள்.