புதுப்பிப்பு: குளச்சல் முதல் முட்டம் வரை பாய்மரப் படகில் நாங்கள் இருவர்

கன்னியாகுமரி மாவட்டக் கடலோரமாகப் பாய்மரப் படகில் போக எப்போது கிளம்பலாம், கடலில் வரும் வாந்திக்கு என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜனவரியில் போய் வந்தோம். "விடியுமுன் கிளம்பு, கரைக்காற்று (இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று) இருக்கும்போதே பாதி தூரம் தாண்டிவிடு" என்று பதில் சொன்ன அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. ஒன்பது மணிக்கெல்லாம் காற்று செத்து, பாய் ஈரவேட்டி மாதிரி தொங்கியது, மீதிக்கு மோட்டார்தான். இஞ்சி மிட்டாய் எனக்குக் கேட்கவில்லை, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் குமட்டல் அடங்கியது. மனைவிக்கு ஒன்றுமே இல்லை, பழம்பொரி சாப்பிட்டுக்கொண்டே வந்தாள்!

எதிர்பாராதது வலைதான். மிதந்த காலி பாட்டிலைக் குப்பை என்று நினைத்து அதன்மேலேயே விட்டேன், அது வலையின் மிதப்பாம், கயிறு படகைத் திருப்பும் சுக்கானில் சுற்றி அவிழ்க்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம், முட்டத்தில் பாறைகளை விட்டு நன்றாக ஒதுங்கியே போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது, இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.