பணம் வாங்கிய அன்றைக்கு அவன் மனசில் என்ன இருந்தது? எது மோசடி, எது வெறும் கடன் பாக்கி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குலசேகரத்திலிருந்து:
முதலில் என் கதை. ஒரே வியாபாரிக்கு ஆறு வருஷம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொடுத்தேன். சனிக்கிழமை தவறாமல் கணக்குத் தீர்ப்பார். விலை சரிந்த பிறகு பாக்கி ஏறி 1,80,000 ரூபாயில் நின்றது. செக்கும் இல்லை, துண்டுச் சீட்டுகள்தான். போன் எடுக்கமாட்டார். ஸ்டேஷனுக்குப் போய் ‘420’ என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது கொடுக்கல் வாங்கல். சிவில் கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. எடுத்த சரக்குக்குப் பணம் தராதவன் மோசடிக்காரன் இல்லை என்றால் வேறு யார்தான் மோசடிக்காரன்?

வடசேரியிலிருந்து:
எனக்கு நேர்மாறாக நடந்தது. நான்கு லட்சத்துக்கு ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்தேன். பால் காய்ச்ச நாள் பார்த்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், வாசலில் வேறொரு குடும்பம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அக்கா என்னைவிடப் பதறிப்போனார். அவர்கள் ரெண்டு மாதம் முன்பே அதே வீட்டுக்கு ஒத்திப் பணம் கொடுத்தவர்கள். ரெண்டு பேரிடமும் வெறும் முத்திரைத்தாள்தான் இருந்தது, பதிவு கிடையாது. அதனால் நான் வில்லங்கம் போட்டுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. என் புகாரை ஸ்டேஷனில் உடனே எடுத்தார்கள். முன்ஜாமீனுக்கு ஓடிய பிறகுதான் வீட்டுக்காரர் பாதிப் பணத்தைக் கொண்டு வந்தார். பாதி இன்னும் நிற்கிறது.

தக்கலையிலிருந்து:
பத்மநாபபுரம் கோர்ட்டில் 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மேலே உள்ள ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும். கோர்ட் கேட்கிற முதல் கேள்வியில் பிரிந்துவிடும். வடசேரிக்காரர் பணத்தை நீட்டிய அன்றைக்கே அந்த வீட்டை அவருக்குத் தர முடியாது என்று வாங்கியவருக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே வஞ்சக எண்ணம் என்பது அதுதான். ரப்பர் வியாபாரி ஆறு வருஷம் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். அந்த ஆறு வருஷமே அவருக்குச் சாட்சி. சரக்கு எடுத்த அன்று தரவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார், அப்புறம் முடியாமல் போயிருக்கும். வாக்குத் தவறியது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது, வாக்குக் கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லியிருக்கிறது.

எண்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420. அதன் பிறகு என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4). ரெண்டிலும் ஏழு ஆண்டு வரை சிறை. சிவிலில் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவு இருக்கிறது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்கையும் அது மோசடி என்றுதான் சொல்கிறது.

மணவாளக்குறிச்சியிலிருந்து:
வாயே திறக்காமல் இருந்தால்? டிசம்பர் மழையில் வீட்டு மனை பார்த்தோம். கிணற்று வெள்ளம், அதாவது தண்ணீர், இனிப்பாக இருந்தது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏப்ரலில் குடித்தால் உப்பு. பக்கத்து வீட்டுப் பாட்டி, “அது வெயில் காலத்துல எப்பவும் இப்படித்தான் மக்களே” என்கிறார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

தக்கலையிலிருந்து:
கஷ்டம்தான் தம்பி. சொல்ல வேண்டிய கடமை இல்லாதவரை சும்மா இருப்பது மோசடி ஆகாது. “வெயிலிலும் நல்ல வெள்ளமா?” என்று கேட்டு அவர் ஆமாம் என்றிருந்தால் கதையே வேறு. கொஞ்சம் விசாரித்தாலே தெரிந்திருக்கும் விஷயம் என்றாலும் சட்டம் உங்களைத்தான் திருப்பிக் கேட்கும். அந்தப் பாட்டியிடம் முதலிலேயே பேசியிருக்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:
எங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று பேரிடம் வளைகுடா வேலைக்கு விசா என்று பணம் வாங்கியவர், “எனக்கு மேல இருந்தவன் என்னையும் ஏமாத்திட்டான்” என்கிறார். அழுகிறார் வேறு. நம்புவதா வேண்டாமா தெரியவில்லை.

தக்கலையிலிருந்து:
உண்மையிலேயே நம்பினாரா என்பதுதான் கேள்வி. 1889-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே மேல்முறையீட்டுக் கோர்ட்டும் அதுதான்) ஒரு வழக்கில் சொன்னதை வக்கீல்கள் இன்னும் எடுத்துப் பேசுவார்கள். பொய் என்று தெரிந்து சொன்னால் மோசடி. உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் சொன்னாலும் மோசடி. நேர்மையாக நம்பி, அசட்டையால் தவறாகச் சொன்னால் மோசடி இல்லை. இது சிவிலுக்கு. அவர் அழுவதை விடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அரசுப் பதிவு வைத்திருந்தாரா, வாங்கிய பணம் யார் கணக்குக்குப் போனது என்று முதலில் பாருங்கள்.

குலசேகரத்திலிருந்து:
நேற்று அந்த வியாபாரியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் 5,000 ரூபாய் திணித்துவிட்டு, தலை குனிந்தபடி போனார். எனக்கும் சண்டை போட மனசு வரவில்லை.

தக்கலையிலிருந்து:
வாங்கினது சரி, எழுத்தில் வாங்கினீர்களா? சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் காலவரம்பு. “பாக்கியில் இவ்வளவு கொடுத்தேன்” என்று அவர் கையெழுத்து இருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். நாளைக்கே ஒரு பேப்பரோடு போங்கள் அண்ணாச்சி.