தொப்பிக்குள் சாமி படம் இருந்தால் ஆள் திரும்பி வந்துவிடுவாரா?

காக்கிவீட்டுமகள்:
நேற்று இன்னொரு திரியில் நிழல்மரம் இப்படி எழுதியிருந்தார்: "என் கணவரின் தொப்பிக்குள் சாமி படம் இருக்கிறது. அது இருக்கிறவரை அவருக்கு ஒன்றும் ஆகாது. நம்பிக்கை உள்ள போலீஸ் குடும்பம் எதற்கும் உடையாது." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் அப்பா தலைமைக் காவலர். இரவு வாகனச் சோதனையில் நின்றிருந்தவர் மேல் லாரி ஏறிவிட்டது. மறுநாள் அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். விசில், பர்ஸ், பெல்ட், தொப்பி. தொப்பியின் உள்பட்டையில் அம்மா செருகியிருந்த படம் அப்படியே இருந்தது. வியர்வையில் லேமினேஷன் ஓரம் பிரிந்து ஒரு மூலை மடங்கியிருந்தது, அவ்வளவுதான். படத்துக்கு ஒரு கீறல் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் மூன்று பேர் அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஏதாவது வேண்டுதல் பாக்கி வைத்திருந்தாயா?" பதினொரு வருடமாக அம்மா அதைத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். நம்பிக்கை இருந்தால் ஒன்றும் ஆகாது என்கிறீர்களே, ஆகிப்போன வீட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? எங்கள் நம்பிக்கை போதவில்லை என்றா?

முப்பத்துமூன்றுவருடம்:
வருந்துகிறேன் அம்மா. ஆனால் ஒரு விஷயம். நான் காவலராகச் சேர்ந்து ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். 33 வருடம் தொப்பி போட்டவன். தொப்பிக்குள் எதையும் செருகக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் எங்கள் கவாத்து ஆசிரியர் தொப்பியைக் கழற்றச் சொல்லி உதறிப் பார்ப்பார். பீடி விழுந்தாலும் படம் விழுந்தாலும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதுதான். இதை முதலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிழல்மரம்:
காக்கிவீட்டுமகள், உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் எழுதியது என் வீட்டைப் பற்றி. என் கணவர் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் இருக்கிறார். நேரம் காலம் இல்லாமல் போன் வரும். அவர் ஷூ லேஸ் கட்டுகிற நேரத்தில் நான் தொப்பியைத் திருப்பி, படம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட பிறகுதான் கதவைத் திறந்துவிடுவேன். அவர் திரும்பி வருகிறவரை என்னை உட்கார வைப்பது அந்தத் தொடுதல்தான். அது காப்பாற்றும் என்றுதான் நம்புகிறேன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஏட்டுமகன்:
படம் காப்பாற்றும் என்றால் அந்தப் பிரிவுக்கு அவ்வளவு கனமான கவச உடை எதற்கு? படத்தை மட்டும் கொடுத்து அனுப்பலாமே.

நிழல்மரம்:
கவச உடையைப் போடுவதும் அவர்தான், படத்தை வைத்திருப்பதும் அவர்தான். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? நீங்கள் எந்தத் திரியில் வந்தாலும் இந்தக் குத்தல்தான். போன மாதம் விரதம் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் வந்து நின்றீர்கள்.

முப்பத்துமூன்றுவருடம்:
சேர்ந்து இருக்கக் கூடாது என்று நான் சொல்கிறேன். சீருடை என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது. உள்ளே ஒருவன் ஒரு சாமியை வைத்தால் அடுத்தவன் வேறு சாமியை வைப்பான். பர்ஸில் வையுங்கள், வீட்டில் வையுங்கள். தொப்பியில் வைக்காதீர்கள்.

வெண்புறா:
ஐயா, வெளியே தெரியாமல் உள்ளே இருப்பதில் என்ன தவறு? உலகத்தில் எத்தனையோ காவலர்கள் தேவதூதரான மிக்கேல் சம்மனசின் பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டிருக்கிறார்கள். இத்தாலியக் காவல்துறைக்கு அவரைப் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது 1949 செப்டம்பர் 29ல். அங்கே இன்றுவரை அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா?

முப்பத்துமூன்றுவருடம்:
பதக்கம் கழுத்தில். நாம் பேசுவது தொப்பி.

ஏட்டுமகன்:
சரி, நாடு நாடாகப் போவோம். அமெரிக்காவில் பணியில் இறந்த காவலர்களின் குடும்பங்கள் 1984ல் தாங்களே ஒரு அமைப்பைத் தொடங்கின. அப்போது 110 பேர். புருஷனை இழந்தவளுக்குப் புருஷனை இழந்த இன்னொருத்தி பேச்சுத் துணை. பிள்ளைகளுக்குத் தனி முகாம், பெற்றோருக்குத் தனிக் கூட்டம். 2003ல் பிரிட்டனிலும் அதே மாதிரி ஒன்று வந்தது. இதைத்தான் ஆதரவு என்பேன். நாலு பேர் வந்து "கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவதை இல்லை.

என் அப்பாவும் பணியில்தான் போனார். கூடவே நின்றது அவருடைய பேட்ச் ஆட்கள். ஒரே வருடம் பணியில் சேர்ந்தவர்களின் வாட்ஸ்அப் குழு. அதில் பாதிப் பேர் பயிற்சி முடிந்த பிறகு அப்பாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு என் பெயரிலும் தங்கை பெயரிலும் வங்கியில் போட்டார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு எந்த மேஜை, கருணை வேலைக்கு எந்தத் தாள், குடியிருப்பைக் காலி செய்ய எவ்வளவு அவகாசம் கேட்கலாம், எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவர்கள்தான். ஒரு மாமா எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார். எந்தத் தொப்பியிலும் எந்தப் படமும் இதைச் செய்யவில்லை.

நிழல்மரம்:
அந்த மாமாவை உங்கள் வாசலுக்கு அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஏட்டுமகன்:
மாநகரப் பேருந்து. இரண்டு பேருந்து மாறி வந்தார்.

காக்கிவீட்டுமகள்:
நிழல்மரம், என் கேள்வி அப்படியே கிடக்கிறது. இந்தியாவில் அக்டோபர் 21ஐக் காவலர் வீரவணக்க நாளாக வைத்தது ஏன் என்று தெரியுமா? 1959ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம், சீனப் படை சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். காணாமல்போன கூட்டாளிகளைத் தேடிப் போனவர்கள். உடல்களைத் திருப்பிக் கொடுத்தது நவம்பர் 13ல். மூன்று வாரம். அந்தப் பத்து வீட்டிலும் யாரும் விளக்கு ஏற்றியிருக்க மாட்டார்களா? ஒருவர் சட்டைப் பையிலாவது, ஒருவர் தொப்பியிலாவது படம் இருந்திருக்காதா?

சோலைக்குயில்:
அவர்கள் ராணுவ வீரர்கள். காவலர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

முப்பத்துமூன்றுவருடம்:
யார் சொன்னது? அவர்கள் மத்திய ரிசர்வ் போலீஸ் படை. போலீஸ். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வந்ததே 1962ல். அந்தச் சம்பவம் நடக்கிறவரை அந்த எல்லையில் நின்றது போலீஸ்காரன். எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, செத்த பிறகும் ராணுவத்தில் சேர்த்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு அக்டோபர் 21ம் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, அந்த வருடம் இறந்தவர்களின் பெயரைப் படிக்கக் கேட்டிருக்கிறேன். கூடத் தங்கியவன், கூடச் சாப்பிட்டவன் பெயர் வரும். கண்ணைத் துடைக்கக் கை எடுக்க முடியாது. தெரியாமல் எழுதாதீர்கள்.

சோலைக்குயில்:
எல்லையில் இறந்தால் ராணுவம் என்று நினைத்தேன். அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

முப்பத்துமூன்றுவருடம்:
கோபம் இல்லை. திருத்தம். 2018ல் டெல்லியில் தேசியக் காவலர் நினைவுச்சின்னம் திறந்தார்களே, போய்ப் பாருங்கள். ஒற்றைக் கருங்கல்லில் 30 அடி. அதைச் சுற்றிச் சுவரில் சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்தவர்களின் பெயர்கள், முப்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீடு.

ஈரத்திண்ணை:
அந்தச் சுவரில் என் அண்ணன் பெயர் வராது. இவ்வளவு நேரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அண்ணன் பணிக் காலத்தில்தான் போனான், ஆனால் தானே போனான். ஒரு விபத்தில் பள்ளிக் குழந்தைகளின் உடல்களை அவன்தான் தூக்கி வெளியே வைத்தான். அதற்குப் பிறகு ராத்திரியில் கையைக் கழுவிக்கொண்டே இருப்பான். நாங்கள் கோவிலுக்குக் கூட்டிப்போனோம், கயிறு கட்டினோம். மருத்துவரிடம் போகலாம் என்றபோது, விஷயம் வெளியே தெரிந்தால் துப்பாக்கிப் பணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தான். அவன் போன பிறகு சாமி கும்பிடுகிற அதே வீடுகள், பாவம் செய்துவிட்டான் என்று வாசலோடு நின்றுவிட்டன. பெயரும் படிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 2022ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பணியில் பார்த்த கொடூரத்தால் மனம் உடைந்து தற்கொலை செய்துகொண்ட காவலரின் குடும்பத்துக்கும் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு உள்ள உதவித்தொகை கிடைக்க வழி செய்தார்கள். அதைப் படித்த அன்று நானும் அண்ணியும் பேசிக்கொள்ளவே இல்லை.

அண்ணன் தொப்பிக்குள்ளும் படம் இருந்தது. யாருடைய கணக்கில் அதை எழுதுவீர்கள்?

வெண்புறா:
உங்கள் அண்ணனுக்காக இன்று ஜெபிக்கிறேன், ஈரத்திண்ணை. வாசலோடு நின்றது அந்த மனிதர்களின் குற்றம். நம்பிக்கையின் குற்றம் ஆகாது.

ஏட்டுமகன்:
நல்லது நடந்தால் நம்பிக்கை, கெட்டது நடந்தால் மனிதர்கள். வசதியான கணக்கு.

வெண்புறா:
உங்கள் வாட்ஸ்அப் மாமாக்களில் பணம் போடாதவரே கிடையாதா? அதற்காக அந்தக் குழுவே பொய் என்று சொல்வீர்களா?

ஏட்டுமகன்:
போடாதவர் யாரும் என் அம்மாவிடம் "உன் சந்தா பாக்கியா" என்று கேட்கவில்லை.

நிழல்மரம்:
ஈரத்திண்ணை, வாசலோடு நின்றவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். என்னிடம் கேட்டிருந்தால் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பேன். ஆனால் எல்லோரும் சேர்ந்து அந்தப் படத்தை என் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறீர்கள். படம் இல்லாமல் போய் வாருங்கள் என்று நான் சொல்லவா? அவர் போன பிறகு அந்த ராத்திரியை நான் எதைப் பிடித்துக்கொண்டு கழிப்பது? உங்களில் யார் வந்து உட்காரப்போகிறீர்கள்?

காக்கிவீட்டுமகள்:
பிடுங்கவில்லை. "அது இருக்கிறவரை ஒன்றும் ஆகாது" என்ற அந்த ஒரு வரியை எடுங்கள் என்கிறேன். என் அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்.

நிழல்மரம்:
அந்த வரிதான் என் நம்பிக்கை. அதை எடுத்தால் மீதி என்ன இருக்கிறது?

முப்பத்துமூன்றுவருடம்:
நான் மறுபடி சொல்கிறேன். தொப்பிக்குள் எதுவும் வைக்கக் கூடாது. இந்தப் பேச்சே அதில்தான் ஆரம்பித்தது.

ஏட்டுமகன்:
ஐயா, உங்கள் தொப்பியைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள். ஒரு பெண் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறார், நீங்கள் இன்னும் கவாத்து மைதானத்திலேயே நிற்கிறீர்கள். மீசைத் திரியிலும் இதே வேலை. நூறு பதிவில் அறுபது உங்களுடையது.

முப்பத்துமூன்றுவருடம்:
தம்பி, நீ பிறக்கும் முன்னால் நான் தொப்பி போட்டவன். கேட்டதால் சொல்கிறேன்.

நான் உதவி ஆய்வாளராக இருந்தபோது காலை அணிவகுப்பில் ஒரு பையனின் தொப்பியிலிருந்து படம் கீழே விழுந்தது. இருபத்துநான்கு வயது. எல்லோர் முன்னாலும் அதை எடுத்து என் மேஜை இழுப்பறையில் போட்டேன். "மாலை வந்து வாங்கிக்கொள்" என்றேன். அவன் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு குற்றவாளியைப் பிடிக்கப் போன இடத்தில் கத்திக்குத்து. கழுத்தில். அவன் அம்மா நிலையத்துக்கு வந்து தொப்பியைக் கேட்டு வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தேடினார். நான் இழுப்பறைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் படம் காக்கும் என்றால் அவனைக் கொன்றது நான். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் படத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. தொப்பிக்குள் அது இருக்கவே கூடாத பொருள். விதி அதுதான்.

காக்கிவீட்டுமகள்:
படத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தீர்களா?

சோலைக்குயில்:
நிலையத்தில் வைத்துத் தேடவிட்டதே தவறு. பொருட்களைப் பட்டியலிட்டு, சாட்சிக் கையெழுத்தோடு மகஜர் எழுதித்தானே ஒப்படைக்க வேண்டும்?

முப்பத்துமூன்றுவருடம்:
மகஜர் எழுதித்தான் ஒப்படைத்தோம். நடைமுறையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஏட்டுமகன்:
காக்கிவீட்டுமகள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் ஐயா.

முப்பத்துமூன்றுவருடம்:
தொப்பிக்குள் எதுவும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

நிழல்மரம்:
போன் வந்துவிட்டது. அவர் ஷூ போட்டுக்கொண்டிருக்கிறார். தொட்டுப் பார்த்துவிட்டேன், உள்ளேதான் இருக்கிறது. மீதியை விடிந்த பிறகு எழுதுகிறேன்.