நேரலை வகுப்பில் குழுவாகப் படிக்க வைத்தபோது

2020-21 கல்வியாண்டில் 48 மாணவர்களுக்குத் தாவரச் செயலியல் பாடத்தைக் கைப்பேசி வழியாக நடத்தினேன். வருகைப் பதிவின்போது "பிரசன்ட் மேம்" என்று குரல்கள் வரும்; அதன்பின் மணி முழுக்க நான் மட்டுமே பேசிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்குப் பாடத்தில் அக்கறை இல்லை என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு.

முதலில் நேரலை வகுப்புக்குள்ளேயே சிறு குழுக்கள் தனியாகப் பேசிக்கொள்ள உதவும் பிரேக்அவுட் அறைகளில் நால்வர் நால்வராகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்தேன். ஒவ்வோர் அறையிலும் நன்றாகப் படிக்கும் ஒருவர் விடையை எழுதி முடிக்க, மற்ற மூவரும் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வேலைக்கு நான்கு பேர் தேவையே இல்லை.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரத் தொடங்கியபோது எழுந்த பகைமையைத் தணிக்க, உளவியலாளர் எலியட் அரான்சன் 1971இல் வகுத்த ஜிக்சா முறையை அதன் பிறகுதான் கையில் எடுத்தேன். ஒளிச்சேர்க்கையை, ஒளியாற்றலைப் பிடிக்கும் ஒளிவினை, கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை உருவாகும் கால்வின் சுழற்சி, கரும்பு போன்ற சி4 தாவரங்கள், கள்ளி போன்ற கேம் (CAM) தாவரங்கள் என நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி கொடுத்தேன். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் முதலில் ஒன்றுகூடித் தெளிந்துகொண்டு, பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் அதை விளக்க வேண்டும். தேர்வு மட்டும் நான்கு பகுதிகளிலிருந்தும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடக்கும்.

அதுவரை வாயே திறக்காத மாணவி ஒருத்தி, சிக்னலுக்காகத் தோட்டத்தில் நின்றபடி கேமராவைத் திறந்து, வேலியோரச் சப்பாத்திக்கள்ளியைக் காட்டினாள். "பகல்ல இதோட இலைத்துளை மூடியிருக்கும். ராத்திரி திறந்துதான் கரியமில வாயுவ எடுத்துக்கும், அதனால தண்ணி வீணாகாது" என்றாள். "அப்ப ராத்திரி எடுத்தத விடியிற வரைக்கும் எங்க வச்சிருக்கும்?" என்று குழுவில் ஒருவன் கேட்க, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிப்பதைத் தயக்கமின்றிச் சொன்னாள். பின்னர் அவளிடம் பேசியபோதுதான், நாற்பத்தேழு பேர் கேட்கத் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சமே அவளை அத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தது என்று தெரிந்தது. கேமராவை மூடி வைத்ததற்குக் காரணம் டேட்டா தீர்ந்துவிடும் என்பது. 2021 ஜனவரியில் தமிழக அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் டேட்டா அட்டையை அறிவித்தது அவளைப் போன்றோருக்குப் பேருதவி.

எல்லா நாளும் இப்படி அமையவில்லை. ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் அந்தக் குழுவுக்கு ஒரு பகுதியே போய்விடும். ஆகவே அடுத்த பாடத்திலிருந்து, ஒவ்வொருவரும் தம் பகுதியை முந்தைய நாளே வாட்ஸ்அப் குரல்பதிவாகக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன்.