கிறிஸ்துமஸ் விரிவுரையைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றத்தில் காட்டுவது எப்படி?

பட்டர்வொர்த் டீச்சர்
ஆண்டு 5, 6 மாணவர்கள் முப்பது பேர், 40 நிமிடம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனம் ஆண்டுதோறும் சிறுவர்களுக்காகச் செய்முறையோடு நடத்தும் கிறிஸ்துமஸ் விரிவுரை ஒன்றை யூடியூபில் எடுத்து மண்டபத்தில் போட நினைக்கிறேன். விரிவுரை ஒரு மணி நேரம், ஆங்கிலம். தமிழ் சப்டைட்டிலை நம்பலாமா? கூடவே நேரில் செய்துகாட்ட, தட்டில் தண்ணீர் ஊற்றி எரியும் மெழுகுவர்த்தியைக் கிளாஸால் மூடும் சோதனை போதுமா? மண்டபத்தில் வைஃபை மெதுவு.

செந்தூல்வாசி
டீச்சர், முழுசாகப் போடாதீர்கள். செய்முறை வரும் இரண்டு மூன்று இடங்களை மட்டும் வெட்டி எடுங்கள், மொத்தம் 12 நிமிடம் போதும். முக்கியமானது, விளைவு தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துவது. "இப்போது என்ன ஆகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தாளில் எழுதிய பிறகே ஓடவிடுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது.

அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்க, கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்துங்கள். ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகரும். நிமிடம், நொடியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் சப்டைட்டில் இயந்திர மொழிபெயர்ப்பு. அறிவியல் சொற்களில் அடிக்கடி சறுக்கும், பிள்ளைகளின் கண்ணும் செய்முறையை விட்டு எழுத்துக்குப் போய்விடும். ஒலியை அடைத்துவிட்டு நீங்களே தமிழில் சொல்லுங்கள். வெடிச்சத்தம், கைதட்டல் வரும் இடத்தில் மட்டும் ஒலியைத் திறந்தால் போதும். அதற்கு மடிக்கணினியின் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளையிலிருந்து மண்டபத்து ஒலிபெருக்கிக்கு ஒரு வயர் போடுங்கள். புரொஜெக்டருக்குப் படம் போகும் எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் ஒலி புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கருக்குப் போய்விடும். கணினியின் சவுண்ட் செட்டிங்கில் மடிக்கணினியை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். வைஃபையை நம்பாமல், உங்கள் கணக்கில் வசதி இருந்தால் யூடியூப் செயலியில் முதல்நாளே ஆஃப்லைனில் சேமித்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்67
தட்டுச் சோதனையைச் செய்யுங்கள், ஆனால் "ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பல புத்தகங்களில் இருந்தாலும் அது தவறு. ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காடாக இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும், முழுசாகத் தீர்வதில்லை. போதாததற்குக் கார்பன் டைஆக்சைடும் உண்டாகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முதல் காரணம் வெப்பம். கிளாஸைக் கவிழ்க்கும்போதே உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது, கொஞ்சம் குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உற்றுப் பாருங்கள், தண்ணீர் சடாரென்று ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான். அதே கிளாஸில் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் உயரும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் உயரம் மாறக்கூடாதே! ஊகிக்கச் சொல்ல இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. தண்ணீர் 1 செ.மீ. ஆழம், இரண்டு சொட்டு உணவு வண்ணம்.

அதோடு ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1825-இல் தொடங்கிய இந்த விரிவுரை வரிசையில், 1860-61-இல் ஒரே மெழுகுவர்த்தியை வைத்து ஆறு விரிவுரை கொடுத்தவர் அவர். அணைந்த மெழுகுவர்த்தியைத் தொடாமலே பற்றவைப்பது அதில் ஒன்று. 2 செ.மீ. பருமனான மெழுகுவர்த்தியை, திரியைச் சுற்றி உருகிய மெழுகு குளமாகத் தேங்கும்வரை எரியவிடுங்கள். ஒரே ஊது. எழும் வெள்ளைப் புகையில், திரிக்கு 2 செ.மீ. மேலே தீக்குச்சியைக் காட்டினால் சுடர் புகைவழியே இறங்கித் திரியைப் பிடிக்கும். எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி என்பது அங்கே கண்ணுக்கே தெரியும். ஒரு நொடி தாமதித்தாலும் புகை மெலிந்துவிடும். குச்சியை முன்பே பற்றவைத்துக் கையில் வைத்திருங்கள். பிறந்தநாள் மெழுகுவர்த்தி வேண்டாம், புகை போதாது.

கண்ணாடிக் குழாயால் சுடரின் நடுவிலிருந்து ஆவியை இழுக்கும் சோதனையை வீடியோவில் மட்டும் காட்டுங்கள். குழாய் சுடும். நுனி திரியை ஒட்டிய கருமையான பகுதியில் இருந்தால் வெள்ளை ஆவி வரும், ஒளிரும் பகுதிக்கு நகர்ந்தால் கரிப்புகை வரும்.

பட்டர்வொர்த் டீச்சர்
நன்றி ஐயா. மண்டபத்தில் எட்டு மின்விசிறி ஓடுகிறது, நிறுத்தினால் பிள்ளைகள் புழுங்கிவிடுவார்கள். பின்வரிசைக்கு சுடரும் தெரியாதே?

ஜெலுத்தோங்67
மேசைக்கு மேலே இருக்கும் இரண்டை மட்டும் நிறுத்துங்கள், அதுவும் ஊதுவதற்கு ஒரு நிமிடம் முன்பு. மூன்று பக்கமும் அட்டைத் தடுப்பு வையுங்கள், தீக்கு ஒரு சாண் தள்ளி. பின் அட்டை கறுப்பாக இருந்தால் வெள்ளைப் புகை பளிச்சென்று தெரியும். கைப்பேசிக் கேமராவைப் புரொஜெக்டரில் இணைத்துப் பெரிதாகக் காட்டலாம். அப்படியே வைத்தால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாக விழும். திரையில் சுடர்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால் திரியை ஒட்டிய கருமையும் தெரியும். தலைமுடியைக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

செந்தூல்வாசி
நேரலையில் பார்க்க ஆசைப்பட்டால் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் மாலை 7 மணி என்றால் குளிர்காலத்தில் மலேசியாவில் நமக்கு மறுநாள் விடியற்காலை 3. பதிவுதான் வசதி. அடுத்த வாரங்களுக்கு பழைய சாமான்களில் அறிவியல் பொம்மை செய்துகாட்டும் இந்தியர் அரவிந்த் குப்தாவின் பொம்மைச் சோதனை வீடியோக்களையும் பாருங்கள். தமிழிலும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சில நிமிடம்தான், சாமான் ஸ்ட்ரா, தீப்பெட்டி, பழைய பாட்டில் அளவில் முடிந்துவிடும்.